கொல்லைப்புறத்தில் கேமரா: தேன்சிட்டு முதல் மரநாய் வரை

காட்டுயிர்ப் படம் என்றாலே முதுமலை, களக்காடு, ஒரு ஜீப், தோளில் தொங்கும் பெரிய லென்ஸ் என்றுதான் மனம் ஓடுகிறது. ஆனால் காட்டுக்குப் போகிறவர் கையில் அதிகம் எதுவும் இல்லை. வண்டி நிற்கிற இடம், அன்றைய வெளிச்சம், விலங்குக்குப் பின்னால் இருக்கிற முட்புதர் எல்லாமே கிடைத்தது கிடைத்தபடிதான். வீட்டுக் கொல்லையில் இந்த மூன்றும் நம் வசம். எந்தக் குச்சியில் பறவை உட்காரும், எந்தப் பக்கத்து வெயில் அதன்மேல் விழும், பின்னால் என்ன நிறம் தெரியும் என்பதை முதல்நாள் மாலையே முடிவு செய்து வைக்கலாம். ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, நாலு செம்பருத்தி, தண்ணீர் வைத்த ஒரு மண்தட்டு இவ்வளவு இருந்தால் சென்னைப் புறநகர் வீட்டின் பின்கட்டும் போதும், தஞ்சாவூர்ப் பக்கத்துக் கிணற்றடியும் போதும். குச்சியை எங்கே நடுவது என்று முடிவெடுக்கும்போதே நல்ல படத்தில் பாதி வேலை முடிந்துவிடுகிறது. ஆகவே கேமராவை உள்ளே வைத்துவிட்டு முதலில் அளவுநாடாவை எடுங்கள்.

தூரம், பின்னணி, வெயில்

70-300 மி.மீ. ஜூம் லென்ஸும் ஏபிஎஸ்-சி என்ற நடுத்தர அளவு சென்சார் கொண்ட சாதாரண கேமராவும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். 300-இல் வைத்து 3 மீட்டர் தூரத்தில் ஃபோகஸ் செய்தால், படத்தின் அகலத்துக்குள் சுமார் 21 செ.மீ. இடம் அடங்கும். தேன்சிட்டின் நீளம் 10 செ.மீ. அளவுதான். ஆக, அது படத்தின் பாதி அகலத்தை நிரப்பிவிடும். கணினியில் வெட்டிப் பெரிதாக்கத் தேவையே இல்லை. 6 மீட்டருக்குத் தள்ளிப் போனால் 45 செ.மீ. இடம் உள்ளே வந்துவிடும். தேன்சிட்டு கால்பங்குக்கும் கீழே சுருங்கிவிடும். அதாவது 3 மீட்டர் நெருங்கி உட்கார்ந்தாலே 600 மி.மீ. லென்ஸ் வாங்கிய பலன் கிடைக்கிறது. 20 செ.மீ. நீளமுள்ள கொண்டைக்குருவிக்கும் தவிட்டுக்குருவிக்கும் 4 முதல் 5 மீட்டர் சரியாக இருக்கும்.

பெரிய லென்ஸ் வைத்திருப்பவர்கள் சிறிய கொல்லையில் வேறொரு சிக்கலில் மாட்டுவார்கள். 150-600 வகை லென்ஸ்கள் பலவும் 2.2 முதல் 2.8 மீட்டருக்குக் கிட்டே ஃபோகஸ் ஆகாது. குச்சியை நடுவதற்கு முன் உங்கள் லென்ஸின் குறைந்தபட்ச ஃபோகஸ் தூரத்தைப் பார்த்துக்கொண்டு, அதற்கு மேல் அரை மீட்டர் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள்.

கிட்டே போவதற்கு ஒரு விலை உண்டு. 300 மி.மீ., 3 மீட்டர், அப்பர்ச்சர் எனும் லென்ஸ் துளை எஃப்/5.6 (எண் குறைந்தால் துளை பெரிது) என்றால் தெளிவாக விழுகிற ஆழம் 2 செ.மீ. மட்டுமே. எஃப்/8-இல் 3 செ.மீ. பறவை நம்மை நோக்கி உட்கார்ந்தால் அலகும் கண்ணும் தெளிவாக இருக்கும், வால் கரைந்துபோகும். பக்கவாட்டில் உட்கார்ந்தால் அலகு முதல் வால் நுனி வரை தெளிவாக விழும். ஆகவே குச்சியைக் கேமராவை நோக்கி நீளும்படி வையுங்கள். நேர்க்குறுக்கான குச்சி வேண்டாம். பறவை பெரும்பாலும் குச்சிக்குக் குறுக்கே உட்காரும், ஆனால் தலையை அடிக்கடி திருப்பும். குச்சியை அதிலிருந்து 20, 30 பாகை திருப்பி வைத்தால் உடல் முக்கால் பக்கமாகத் திரும்பி முகமும் இறக்கையும் சேர்ந்து கிடைக்கும். இதை இரண்டு மூன்று கோணத்தில் வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

பின்னணியில்தான் கொல்லைப்புறப் படங்கள் பெரும்பாலும் தோற்கின்றன. குச்சிக்கு ஒரு மீட்டர் பின்னால் சுற்றுச்சுவர் இருந்தால், என்னதான் அப்பர்ச்சரைத் திறந்தாலும் சுவரின் பாசித்திட்டும் பெயின்ட் உரிந்த இடமும் அழுக்காகத் தெரியும். குச்சிக்கும் சுவருக்கும் நடுவே 4 மீட்டராவது வேண்டும். இடம் இல்லையே என்பவர்கள் கொல்லையை நேராகப் பார்க்காமல் மூலைக்கு மூலை பாருங்கள். 5 மீட்டருக்கு 6 மீட்டர் இடத்தில்கூட மூலைவிட்டம் ஏறக்குறைய 8 மீட்டர் கிடைக்கும். கேமரா ஒரு மூலையில், குச்சி அதிலிருந்து 3 மீட்டரில், மீதி தூரம் முழுக்கப் பின்னணிக்கு. வெள்ளையடித்த சுவர் என்றால் வெயிலில் வெளுத்துப்போய்ப் பறவையின் ஓரத்தை அரித்துவிடும். அதன்மேல் பச்சை நிழல்வலையையோ சாயம் மங்கிய பழைய பருத்திச் சேலையையோ கட்டிவிடலாம். பளபளக்கும் துணி வேண்டாம். காற்றில் ஆடும்போது மின்னும், பறவையும் மிரளும்.

வெயில் வரும் திசை வருடம் முழுக்க ஒன்றாக இருக்காது. சென்னையில் ஜூன் மாதம் சூரியன் நேர்கிழக்கிலிருந்து 24 பாகை வடக்கே தள்ளி உதிக்கிறது. டிசம்பரில் 24 பாகை தெற்கே. மொத்தம் 48 பாகை வித்தியாசம். மார்கழியில் அழகாக முன்வெளிச்சம் விழுந்த குச்சி, ஆனியில் பக்கவெளிச்சத்தில் நிற்கும். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை சென்னையில் உச்சிச் சூரியனே தலைக்கு வடக்கே போய்விடுவதால், மற்ற மாதங்களில் நிழலிலேயே கிடக்கும் வடக்குப் பக்கக் கொல்லைக்கு அந்த மாதங்களில்தான் வெளிச்சம். அதனால் குச்சியை நிரந்தரமாகத் தரையில் நடாதீர்கள். காலியான 4 லிட்டர் பெயின்ட் வாளியில் ஒரு முழம் பிவிசி குழாயை நிறுத்தி, சுற்றிலும் மணலையோ சிமென்ட் கலவையையோ போட்டு இறுக்கினால் நகர்த்தக்கூடிய தாங்கி தயார். குழாய்க்குள் வேண்டிய கிளையைச் செருகிக்கொள்ளலாம், வாரம் ஒருமுறை மாற்றலாம். தேன்சிட்டுக்குப் பென்சிலைவிட மெல்லியது, கொண்டைக்குருவிக்கு விரல் தடிமன், மீன்கொத்திக்கும் கரிச்சானுக்கும் கட்டைவிரல் தடிமன். கத்தியால் வெட்டிய வெள்ளை முனை படத்தில் கண்ணை உறுத்தும். ஈரமண்ணைத் தேய்த்து மங்கச் செய்யுங்கள். பால் வடியும் கிளைகளைத் தவிர்த்துவிடுங்கள்.

நேரம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காலை ஆறரை முதல் எட்டரை, மாலை நாலு முதல் ஐந்தரை. கோடையில் ஒன்பதரைக்கு மேல் கண்ணுக்கடியில் கறுப்பு நிழல் விழும். அந்த நேரத்தை நிழலில் இருக்கும் பூச்சிகளுக்குக் கொடுங்கள்.

தண்ணீர்தான் பெரிய ஈர்ப்பு

தீனி வைத்தால் காக்கையும் புறாவும்தான் முதலில் வரும். தண்ணீர் வைத்தால் தீனிக்கு வராத பறவைகளும் வரும்: தையல்சிட்டு, குண்டுகரிச்சான், அக்டோபருக்கு மேல் வலசை வரும் ஈப்பிடிப்பான்கள். ஓர் அடி விட்டமுள்ள மண்தட்டோ சிமென்ட் தட்டோ எடுத்து, தண்ணீரின் ஆழம் ஓரத்தில் 1 செ.மீ., நடுவில் 4 செ.மீ. தாண்டாதபடி வையுங்கள். பிளாஸ்டிக்கும் எவர்சில்வரும் கால் வழுக்கும்; எவர்சில்வர் படத்தில் பளிச்சென்று தெறிக்கவும் செய்யும். ஆழமாக இருந்தால் ஒரு தட்டைக்கல்லைப் போட்டுவிடுங்கள். தட்டுக்கு மேலே ஒரு தண்ணீர் பாட்டிலைத் தொங்கவிட்டு, மூடியில் ஊசித்துளை போட்டு, இரண்டு நொடிக்கு ஒரு சொட்டு விழும்படி மூடியை முறுக்கிச் சரிசெய்தால், பறவைகள் சத்தத்துக்கே தேடி வரும்.

தட்டைத் தரையிலிருந்து மூன்று நாலு அடி உயரத்தில் வைப்பது நல்லது. பூனை பதுங்கக்கூடிய புதரிலிருந்து இரண்டு மீட்டராவது தள்ளி இருக்கட்டும், ஆனால் நனைந்த பறவை சட்டென்று போய் உட்கார ஒரு கிளை பக்கத்தில் வேண்டும். அந்தக் கிளைதான் உங்கள் வாளிக் குச்சி. தட்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளி, அரை அடி உயர்த்தி வையுங்கள். பறவை இறங்குமுன் அங்கே நின்று சுற்றுமுற்றும் பார்க்கும், குளித்து முடித்ததும் அங்கேயே வந்து இறக்கை கோதும். தண்ணீருக்குள் எடுக்கும் படத்தைவிட இந்தக் குச்சிப் படங்கள்தான் நன்றாக வரும்.

தண்ணீரைத் தினமும் மாற்றியே ஆக வேண்டும். டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். கொட்டிவிட்டு நிரப்புவது போதாது. அதன் முட்டைகள் தட்டின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். தேங்காய் நாரால் நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். சோப்பு வேண்டாம்.

தீனியும் வைப்பதென்றால் அளவோடு. பழுத்த பப்பாளித் துண்டு, கொய்யா, வாழைப்பழம் கொண்டைக்குருவிக்கும் குயிலுக்கும் அணிலுக்கும் பிடிக்கும். தினை, சாமை சில்லைகளுக்கு. மிக்சர், பிஸ்கட், உப்புப் போட்ட சோறு எதுவும் வேண்டாம். மீந்ததை மாலையில் எடுத்துவிடாவிட்டால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும்.

சன்னலே மறைவிடம்

கொல்லையைப் பார்த்த சன்னல் ஒன்று இருந்தால் கூடாரம் எதுவும் தேவையில்லை. கண்ணாடி வழியாக எடுக்காதீர்கள், கதவைத் திறந்துவிடுங்கள். சன்னல் கம்பி பரவாயில்லை: லென்ஸின் முன்பக்கத்தைக் கம்பிக்கு ஒட்டி வைத்து அப்பர்ச்சரைத் திறந்து வைத்தால் கம்பி படத்தில் தெரியாது. கொசுவலை அப்படியல்ல. வலையின் ஒவ்வொரு கண்ணியும் ஒளியைச் சிதறடித்துப் படம் முழுக்கப் பால் கலந்ததுபோல் வெளுக்கும், ஃபோகஸும் தடுமாறும். வலையில் லென்ஸ் நுழையும் அளவு ஒரு மடிப்புக் கதவு வெட்டி, ஓரங்களில் வெல்க்ரோ தைத்துக்கொண்டால் எடுத்து முடித்ததும் மூடிவிடலாம்.

சன்னலுக்கு உள்ளே கறுப்புத் துணி ஒன்றைத் தொங்கவிட்டு, லென்ஸுக்கு மட்டும் பிளவு விடுங்கள். அறையில் விளக்கை அணையுங்கள். எதிர்ப்பக்கத்துச் சன்னலும் வாசலும் திறந்திருந்தால் உங்கள் நிழலுருவம் பறவைக்குத் துல்லியமாகத் தெரியும். மின்விசிறியையும் நிறுத்துங்கள், துணி ஆடினால் தட்டில் இறங்கவந்த பறவை திரும்பிவிடும். வெள்ளைச் சட்டை, தோளில் மின்னும் கேமராப் பட்டை இரண்டும் வேண்டாம். எலெக்ட்ரானிக் ஷட்டர் உள்ள கேமரா என்றால் சத்தமில்லாமல் எடுக்கலாம். ஆனால் இறக்கை அடிக்கும் படங்களில் அந்த ஷட்டர் சிறகை வளைத்துக் காட்டக்கூடும், பறப்பதற்கு மெக்கானிக்கல் ஷட்டரே பாதுகாப்பு.

ஷட்டர் வேகம், நொடிக்கணக்கில்: உட்கார்ந்திருக்கும் பறவைக்கு 1/500. தேன்சிட்டும் தையல்சிட்டும் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே தலையை வெட்டிவெட்டித் திருப்பும், அவற்றுக்கு 1/1000. குளிக்கும்போது நீர்த்துளி முத்தாக உறைய 1/2000, கோடாக இழுபட 1/500. பூமுன் அந்தரத்தில் நிற்கும் தேன்சிட்டுக்கு 1/2500-க்குக் குறையக் கூடாது. மேனுவல் முறையில் ஷட்டரையும் அப்பர்ச்சரையும் பூட்டி, ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவை மட்டும் ஆட்டோவில் விட்டு, உச்சவரம்பை 3200 என்று வைத்தால் பெரும்பாலான நேரங்களில் கவலையில்லை. கறுப்புப் பறவையும் வெள்ளைப் பறவையும் மட்டும் தனிக் கவனம் கேட்கும். வெள்ளைத்தொண்டை மீன்கொத்தி வெயிலில் உட்கார்ந்தால் எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) 0.7 ஸ்டாப் குறையுங்கள், இல்லாவிட்டால் மார்பு வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். வெளிர்வானத்தின் முன்னால் கரிச்சான் என்றால் 1 முதல் 1.7 வரை கூட்ட வேண்டும்.

தேன்சிட்டின் நிறம் எப்போது தெரியும்

ஆண் ஊதாத் தேன்சிட்டைப் படம் எடுத்துவிட்டு, வெறும் கறுப்பாக வந்திருக்கிறதே என்று வருந்துபவர்கள் நிறையப் பேர். அதன் நீலமும் ஊதாவும் சாயத்தால் வந்தவை அல்ல. இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருபவை. ஒளி எந்தக் கோணத்தில் விழுந்து எந்தக் கோணத்தில் நம்மிடம் வருகிறது என்பதைப் பொறுத்தே நிறம். சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால், தாழ்வாக இருக்க வேண்டும். பக்கவெளிச்சத்தில் பாதி நிறம் போகும், எதிர்வெளிச்சத்தில் மொத்தமும் போகும். அது தலையைத் திருப்பும் ஒரு நொடியில் நெற்றியிலிருந்து தொண்டைக்கு நிறம் ஓடிப் பாய்வதைப் பார்க்கலாம். தொடர்ச்சியாக எட்டுப் பத்துப் படம் எடுத்தால் அதில் ஒன்றில்தான் மொத்த உடலும் எரியும். இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் இதே ஆண் பெண்ணைப் போல மங்கிவிடும், தொண்டையிலிருந்து வயிறு வரை ஒரு கருங்கோடு மட்டும் மிஞ்சும். அது வேறு இனம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். ஊதாப்பிட்டுத் தேன்சிட்டுக்கு வயிறு மஞ்சளாக இருப்பதால் அடையாளம் எளிது, எக்ஸ்போஷரும் எளிது.

தேன்சிட்டு பூக்களைச் சுற்றி வரும் பாதை கிட்டத்தட்ட மாறாது. ஒருமுறை வந்து போன பூக்கள் மறுபடி தேன் சுரந்ததும் அதே வரிசையில் வரும். ஒரு காலை கேமரா இல்லாமல் உட்கார்ந்து அந்த வரிசையை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். செம்பருத்தியில் அது பெரும்பாலும் பூவின் வாய்வழியாகக் குடிக்காது. அடிப்பக்கம் அலகால் துளைத்துக் குடிக்கும், முகம் பூவுக்குப் பின்னால் ஒளிந்துவிடும். இட்லிப்பூவிலும் முருங்கைப்பூவிலும் முகம் நன்றாகத் தெரியும். கொத்தில் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு பூவைத் தேர்ந்து, அதன்மேல் முன்கூட்டியே ஃபோகஸ் செய்து, பறவை வந்ததும் கண்ணுக்கு மட்டும் நகர்த்திக்கொள்வதுதான் சுருக்கமான வழி.

கறிவேப்பிலைச் செடி ஒரு முழுநேரக் கூடம்

பறவை வராத நாளிலும் கறிவேப்பிலை ஏமாற்றாது. கறிவேப்பிலை அழகி என்ற பெரிய கறுப்பு வண்ணத்துப்பூச்சியும் எலுமிச்சை அழகியும் இதன் இளந்தளிரில் ஒவ்வொன்றாக முட்டையிடும். வெளிர்மஞ்சளாக, கடுகளவில், உருண்டையாக இருக்கும். மூன்று நாலு நாளில் பொரியும் புழு, முதல் சில நிலைகளில் பறவை எச்சம் போலவே கறுப்பும் வெள்ளையுமாக இலைமேல் கிடக்கும். கடைசி நிலையில் தோலுரித்ததும் இலைப்பச்சையாகிவிடும். சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து சிவந்த இரட்டைக் கொம்பை நீட்டி, காட்டமான வாசனை விடும். அந்தக் கொம்பைப் படம் எடுக்க வேண்டி மறுபடி மறுபடி குத்தாதீர்கள். பக்கத்தில் எறும்பு வரும்போது தானாகவே நீட்டும்.

இங்கே வேண்டிய கருவி, மிக நெருக்கத்தில் எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸ்தான் என்றில்லை. ரேனாக்ஸ் டிசிஆர்-250 என்ற சிறு வில்லையை 70-300 லென்ஸின் முன்னால் கவ்வ விட்டால் 100 மி.மீ.யில் 0.8 மடங்கு, 300-இல் 2.4 மடங்கு உருப்பெருக்கம் கிடைக்கும். ஆனால் பொருளுக்கும் வில்லைக்கும் இடைவெளி சுமார் 12 செ.மீ.யில் கட்டுண்டுவிடும்; அதைவிட எட்டவும் முடியாது, அதிகம் கிட்டவும் முடியாது. இவ்வளவு நெருக்கத்தில் ஆட்டோஃபோகஸை நம்ப வேண்டாம். ஃபோகஸை ஓரிடத்தில் நிறுத்திவிட்டு, முழங்கைகளை விலாவில் ஊன்றி, உடம்பை மில்லிமீட்டர் கணக்கில் முன்னும் பின்னும் அசைத்து, கண் தெளியும் கணத்தில் எடுங்கள். பூச்சியின் அசல் அளவிலேயே (1 மடங்கு) எடுக்கும்போது எஃப்/8 வைத்தாலும் தெளிவான ஆழம் ஒரு மில்லிமீட்டரைத் தாண்டாது. எஃப்/16-க்கு மேல் மூடினாலோ ஒளிச்சிதைவால் படமே மொத்தமாக மென்மையாகிவிடும். எஃப்/11 நல்ல நடுவழி.

எஃப்/11-க்கு ஃபிளாஷ் கட்டாயம். ஷட்டர் 1/200, ஐஎஸ்ஓ 200, ஃபிளாஷ் மேனுவலில் 1/8 என்று தொடங்கிக் கூட்டிக் குறையுங்கள். வெறும் ஃபிளாஷ் அடித்தால் வண்டின் முதுகில் வெள்ளைப் புள்ளி தெறிக்கும். மிக்ஸி, டிவி பெட்டிக்குள் சுற்றி வரும் வெள்ளை நுரைத்தாளை இரண்டு அடுக்காக மடித்து, லென்ஸுக்கு மேலே கூரைபோல் முன்னுக்கு வளைத்து ஒட்டினால் போதும். அந்தத் தாள் பூச்சிக்கு எவ்வளவு கிட்டே வருகிறதோ, நிழல் அவ்வளவு மென்மையாகும். சரியாக விழுகிறதா என்று பார்க்க, குதிக்கும் சிலந்தியின் பெரிய முன்கண்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். வட்டமான மெல்லிய வெளிச்சம் தெரிந்தால் சரி. கூரிய சின்னப் பொட்டு தெரிந்தால் தாள் இன்னும் முன்னே வர வேண்டும்.

கைபேசியில் எடுப்பவர்கள் மேக்ரோ முறையில் 3 செ.மீ. வரை நெருங்கும்போது தங்கள் நிழலே பூச்சிமேல் விழும். சூரியனுக்குப் பக்கவாட்டில் நில்லுங்கள். வெள்ளை அட்டை ஒன்றை எதிர்ப்பக்கம் பிடித்தால் நிழல் தெளியும். ஆடிக்காற்றில் செடி ஆடுகிறதென்றால் ஒரு மூங்கில் குச்சியை நட்டு, துணி உலர்த்தும் கிளிப்பால் தண்டைக் கவ்வ விடுங்கள், பூச்சி இருக்கும் இடத்துக்கு ஒரு சாண் கீழே.

கூட்டுப்புழு பட்டு இழையால் இடுப்பைக் கட்டிக்கொண்டு தண்டில் சாய்ந்திருக்கும். பச்சைத் தண்டில் பச்சையாகவும் காய்ந்த குச்சியில் பழுப்பாகவும் இருக்கும். வெளிவருவதற்கு முதல்நாள் அது கருத்து, உள்ளே இறக்கையின் வெள்ளைப் புள்ளிகள் கண்ணாடியில் தெரிவதுபோல் தெரியும். மறுநாள் விடியற்காலை டிரைபாடுடன் தயாராக இருங்கள். ஓடு பிளந்து வெளியே வர ஒரு நிமிடம்கூட ஆகாது. கசங்கிய இறக்கை விரிய பதினைந்து இருபது நிமிடம். உலர்ந்து பறக்க ஒரு மணி நேரத்துக்கு மேல். இறக்கை கீழ்நோக்கித் தொங்கி விரிவதால் அதற்குக் கீழே ஐந்தாறு செ.மீ. காலியிடம் வேண்டும். கூட்டுப்புழுவைப் பெயர்த்துச் சின்னச் சீசாவில் போட்டால் இறக்கை மடங்கியே காய்ந்துவிடும், அப்புறம் அது பறக்காது. இருந்த இடத்திலேயே விடுவதுதான் முறை. சில கூட்டுப்புழுக்களில் வண்ணத்துப்பூச்சி வராது. பக்கத்தில் சிறு வட்டத்துளை மட்டும் இருக்கும். உள்ளே ஒட்டுண்ணிக் குளவி வளர்ந்து போயிருக்கிறது. அதுவும் எடுக்கத் தக்க படமே.

வெளிவந்தது பெண் என்றால் இன்னொன்றைக் கவனியுங்கள். கறிவேப்பிலை அழகியின் பெண்களில் சில ஆணைப் போலவே இருக்கும். சில, ஆடுதீண்டாப்பாளை தின்று வளரும் நச்சு வண்ணத்துப்பூச்சிகளை அப்படியே போலி செய்யும், இறக்கையில் சிவப்புத் திட்டெல்லாம் சேர்த்து. உடலைப் பாருங்கள். நச்சு இனங்களின் உடல் சிவப்பு, போலியின் உடல் கறுப்பு. அதனால் பக்கவாட்டில், வயிறு தெரியும்படி ஒரு படமாவது எடுத்து வைக்க வேண்டும். மேலிருந்து மட்டும் எடுத்தால் அடையாளம் காண்பது தடுமாறும்.

இரவுக்கு

அந்துப்பூச்சிக்கு ஒரு வெள்ளை வேட்டியும் ஒரு விளக்கும் போதும். நிலா இல்லாத, மழை ஓய்ந்த புழுக்கமான இரவு, ஏழு முதல் பத்து மணி. வேட்டியைச் சுருக்கமின்றி இழுத்துக் கட்டி, விளக்கை ஓரடி முன்னால் தொங்கவிடுங்கள். பத்து மணிக்கு விளக்கை அணைத்து வேட்டியை மெதுவாக உதறிவிடுங்கள். விடியும் வரை விட்டால் பல்லியும், காலையில் வால்காக்கையும் கொண்டைக்குருவியும் மிச்சமின்றித் தின்றுவிடும்.

மரநாயும் கீரியும் வந்து போகிற வீடு என்றால் விலங்கு முன்னால் நடந்தால் தானே படம் எடுக்கும் தானியங்கிக் கேமரா வாங்கலாம். மரநாய் சுற்றுச்சுவரின் மேல்தளத்தையே பாதையாகப் பயன்படுத்தும். எச்சத்தில் பழக்கொட்டைகள் கிடந்தால் அதுவே வழி. கேமராவை அது நடக்கும் மட்டத்துக்கு ஓரடி மேலே, பாதைக்கு 45 பாகை சாய்த்துக் கட்டுங்கள். நேர்க்குறுக்காக வைத்தால் உணரி விழித்துப் படம் எடுப்பதற்குள் வால் மட்டும்தான் மிஞ்சும். அகச்சிவப்பு விளக்கில் 850 நானோமீட்டர் வகை தூரம் போகும், ஆனால் மங்கிய சிவப்பாகத் தெரியும்; 940 வகை தெரியவே தெரியாது, தூரம் குறைவு. கொல்லைக்கு 940 போதும். இந்தக் கேமராக்களின் உணரி, உடல் வெப்பத்துக்கும் சுற்றுப்புற வெப்பத்துக்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது. சித்திரை வெயிலில் தரையும் சுவரும் 37 பாகையைத் தொடும்போது கீரி முன்னால் நடந்தாலும் கேமரா தூங்கும். அதே வெயிலில் சூடேறிய இலை ஆடினால் நூறு வெற்றுப் படங்கள் எடுக்கும். முன்னால் உள்ள புல்லை வெட்டி, கிழக்கு மேற்கு பார்க்காமல் வடக்குப் பார்த்துக் கட்டுவது இதனால்தான். பக்கத்து வீட்டு வாசலும் தெருவும் படத்துக்குள் வரக் கூடாது.

தரையில் படுத்து எடுக்கும் பழக்கம் உள்ளவர்கள் சருகைக் கழியால் ஒருமுறை விலக்கிப் பார்த்துவிட்டே படுக்க வேண்டும். கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். பாம்பு வந்தால் தள்ளி நின்று தீயணைப்புத் துறையை அழையுங்கள்.

கூடு

கூட்டுப் படம் வேண்டாம் என்பதே என் நிலை. தையல்சிட்டு இலைகளைத் தைத்துக் கட்டும் கூடு, வராந்தாக் கொடியில் தேன்சிட்டு தொங்கவிடும் பை இரண்டும் கைக்கெட்டும் உயரத்தில் இருப்பதால் ஆசை வரும். மறைக்கும் ஓர் இலையை ஒதுக்கினாலே உச்சிவெயில் குஞ்சின்மேல் நேரே விழும். வால்காக்கைக்கும் காக்கைக்கும் கூடு தெரிந்துவிடும். நீங்கள் திரும்பத் திரும்பப் போய் நிற்கும் இடத்தைக் காக்கை கவனித்து வைத்துக்கொள்ளும். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பறவையின் முட்டையையும் கூட்டையும் தொந்தரவு செய்வதை வேட்டை என்ற சொல்லின் விளக்கத்துக்குள்ளேயே வைத்திருக்கிறது. தாய்ப்பறவை அலகில் இரையோடு அருகில் உட்கார்ந்து உள்ளே போகாமல் கத்திக்கொண்டிருந்தால், காரணம் நீங்கள்தான், உடனே விலகுங்கள். கைபேசியில் குரலை ஒலிக்கவிட்டு ஆண்பறவையை வரவழைப்பதும் கூடாது. இல்லாத எதிரியைத் துரத்துவதில் அதன் காலைப்பொழுது முழுக்கப் போய்விடும்.

இதற்குப் பதிலாக, அக்டோபர், நவம்பரில் சருகைக் கூட்டாமல் ஒரு மூலையில் விட்டுவையுங்கள். வடக்கிலிருந்து வரும் ஆறுமணிக்குருவி நிழலான சருகுத்தரையைத் தேடித்தான் இறங்குகிறது. அந்தி மங்கும்போதும் விடியும்போதும் இரட்டைச் சீழ்க்கை கேட்டால் வந்துவிட்டது என்று அர்த்தம். அந்த வெளிச்சத்தில் 1/125, ஐஎஸ்ஓ 6400 வேண்டியிருக்கும். தயங்காமல் வையுங்கள், புள்ளிபுள்ளியாக வந்தாலும் படம் படம்தான். அதே பருவத்தில் மழைக்கு மறுநாள் காலை ஈசல் புறப்பட்டால் கரிச்சான், மைனா, தவிட்டுக்குருவி எல்லாம் ஒரே இடத்தில் கூடும். புற்றைவிட்டு 4 மீட்டர் தள்ளி, தாழ்ந்து உட்கார்ந்து, 1/2000-இல் தொடர்ச்சியாக எடுங்கள். அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

கருவிக்குப் பெரிய எதிரி நம் ஊர் ஈரம். ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்கு மேல் நிற்கும் கடலோர ஊர்களில் லென்ஸுக்குள் பூஞ்சை சிலந்திவலைபோல் படரும். காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, அரைக்கிலோ சிலிக்கா ஜெல், சிறிய ஈரமானி ஒன்று. 40 முதல் 50-க்குள் வைத்திருங்கள். ஜெல் நிறம் மாறினால் வாணலியில் மிதமான சூட்டில் வறுத்து ஆற வைத்துத் திரும்பப் போடலாம். அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்க வேண்டாம். அரிசியில் புதைப்பது உதவாது, மாவுத்தூள்தான் உள்ளே போகும். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்தவுடன் லென்ஸில் பனி படிவதால், எடுக்கப் போவதற்கு அரை மணி நேரம் முன்பே பையோடு வெளியில் வைத்துவிடுங்கள்.

கேமராக் கடிகாரத்தின் தேதியையும் மணியையும் சரிசெய்து வையுங்கள். உயிரினப் பதிவுத் தளங்களான ஐநேச்சுரலிஸ்டிலோ ஈபேர்டிலோ ஏற்றும்போது படத்தின் தேதி அதிலிருந்துதான் போகிறது. ஆறுமணிக்குருவி உங்கள் ஊருக்கு எந்த வாரம் வந்து இறங்கியது, கறிவேப்பிலை அழகி எந்த மாதத்தில் முட்டையிட்டது என்பதெல்லாம் பதிவாவது அப்படித்தான். பொங்கலை ஒட்டி நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்குக் கொல்லையில் பதினைந்து நிமிடம் நின்று எண்ணினாலே ஒரு பட்டியல் கொடுக்கலாம்; படம் சேர்ந்தால் சந்தேகமான இனங்களைச் சரிபார்ப்பவர்களுக்கு வேலை சுலபம்.